தனி எர்த்

கார்த்திகேசன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவனும் நாற்பத்திரண்டு வயது வரைக்கும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ஆளே இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பான். லிஃப்டில் எல்லோரும் ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இப்படிப்பட்ட ஆட்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வருவதே இல்லை.

சொந்த ஊர் கரூர். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில். வீடு திருமுல்லைவாயல் ஸ்ரீ கமலம் ஃப்ளாட்ஸில், இரண்டாவது மாடி. இருபத்துநான்கு வீட்டுக்காரர்களும் சேர்ந்து அவனை அசோசியேஷன் செக்ரட்டரி ஆக்கியிருந்தார்கள். தலைவர் ஏகாம்பரம், ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரம் பண்ண அவர் இருந்தார், எழுதத்தான் ஆள் வேண்டியிருந்தது. கார்த்திகேசனின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மீட்டிங் நோட்டு அப்படித்தான் அவன் கைக்கு வந்தது.

அவன் வயதுக்காரர்களுக்கு மாரத்தான், ஷேர் மார்க்கெட் என்று ஆளுக்கொரு பைத்தியம். அவனுக்குப் பிடித்தது மின்னல் பைத்தியம். வீட்டுக்குள்ளேயே மின்னல் விடுகிற டெஸ்லா காயில் ஒன்றை வீடியோவில் பார்த்தான், அவ்வளவுதான். பால்கனியில் மனைவி சௌம்யா துணி காயப்போடும் இடத்தில் பாதி பறிபோனது. பி.வி.சி. குழாயில் முடி கனத்துக்குச் செம்புக் கம்பியை ஆயிரம் சுற்றுச் சுற்றவே அவனுக்கு மூன்று மாதம் ஆயிற்று. உச்சியில் அலுமினியக் குழாயை வளைத்து ஒரு பெரிய வளையம். பார்த்தவர்கள் எல்லோரும் இது என்ன தண்ணீர் ஃபில்டரா என்றுதான் கேட்டார்கள்.

காயில் பார்க்கத்தான் அழகு. உயிர் இருப்பது அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியில். வீட்டு இருநூற்று முப்பது வோல்ட்டைப் பதினையாயிரமாக ஏற்றித் தர ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அதைப் பற்றி வனஜாவிடம் கேட்டான்.

வனஜாதான் அந்த ஃப்ளாட்டின் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. படித்தவள், லைசென்ஸ் உள்ளவள், வயது முப்பத்தேழு. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டியில் டூல்ஸ் பையோடு வருவாள். திருமுல்லைவாயலிலிருந்து வேலப்பன்சாவடி வரை ஐந்து ஃப்ளாட்டுகளுக்கு அவள்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீ கமலத்தில் அவளை எடுக்க ஏகாம்பரம் ஒப்பவே இல்லை. "லேடீஸா? மோட்டார் ரூம்ல எலி ஓடினாலே கத்துவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு எழுந்து நின்று அவளுக்காகப் பேசியவன் கார்த்திகேசன்தான். லைசென்ஸ் நம்பரைப் படித்துக் காட்டி, மற்ற ஃப்ளாட்டுகளுக்குப் போன் போட்டு விசாரித்து, விடாப்பிடியாக நின்று வேலைக்கு வைத்தான். அதற்கப்புறம் ஒரு வாரம் அவனுக்குத் தன்னைக் கண்ணாடியில் பார்க்கவே பெருமையாக இருந்தது.

"மைக்ரோவேவா? ஐயோ, அத்த தொடாதீங்க சார்" என்றாள் வனஜா. "ஒரே ஷாக்குல ஆள் காலி. அது உட்டு வெக்காது. இன்னாத்துக்கு சார் உங்களுக்கு?"

அவன் படம் காட்டி விளக்கினான். அவள் முழுக்கக் கேட்டாள். சிரிக்கவில்லை. பத்து நாள் கழித்து ஸ்கூட்டியின் முன்பக்கம் சாக்கில் சுற்றி எதையோ கொண்டுவந்து இறக்கினாள். அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய நியான் போர்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டியிருக்கிறார்கள். அந்த போர்டுக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் அது, கருங்கல் கனம்.

"பதினஞ்சாயிரம் வோல்ட்டு. ஆனா கரண்டு கம்மியாத்தான் வுடும். அதுக்காக இதுவும் சாது இல்ல, புரியுதா? நீங்க எனக்குப் பேசினீங்கல்ல சார், அதுக்கு நான் குடுக்கறேன்னு வெச்சுக்கங்க."

அடுத்த இரண்டு மாதம் அந்தப் பெட்டிதான் அவன் உலகம். தடித்த மரப்பலகையில் டிரான்ஸ்ஃபார்மரை போல்ட் போட்டு உட்கார வைத்தான். சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்களை வரிசை வரிசையாகப் பற்றவைத்தான். செம்புத் துண்டுகளை எதிரெதிரே நிறுத்தித் தீப்பொறி தாவ இடம் வைத்தான். வனஜா மோட்டார் பார்க்க வரும்போது ஒரு எட்டு மேலே வந்து பார்ப்பாள். கெப்பாசிட்டரில் மிச்சம் தங்கும் கரண்டை இறக்க, ஒரு பிளாஸ்டிக் குழாய் முனையில் கொக்கி கட்டிக் கொடுத்தாள். "ஆன்ல இருக்கசொல்ல ஒரு கைய பேன்ட் பாக்கெட்டுல வெச்சுகினே வேலை செய்ங்க சார். ரெண்டு கையும் வெளிய இருந்தா நெஞ்சு வழியாப் போவும்" என்றாள். அவன் அதை அப்படியே பழக்கிக்கொண்டான்.

இன்னொன்றும் சொன்னாள். அதை அவள் மூன்று தடவை சொன்னாள் என்பது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"காயிலோட அடி ஒயரை ஊட்டு எர்த்துல குடுக்கவே குடுக்காதீங்க. இருவத்துநாலு ஊட்டுக்கும் எர்த்து ஒண்ணுதான் சார். அந்தக் கரண்டு அதுல ஏறிச்சுன்னா டி.வி., மோடம், லிஃப்ட்டு எல்லாம் பூடும். கீழ தோட்டத்துல தனியா ஒரு கம்பி அடிச்சு அதுல குடுங்க."

தனி எர்த் கம்பியை அவன் வாங்கியும் விட்டான். ஆறடிக் கம்பி. அது கவர் பிரிக்காமல் ஹால் கதவுக்குப் பின்னால் ஒரு மாதம் நின்றது. அதைத் தோட்டத்தில் அடிக்க வேண்டுமானால் ஏகாம்பரத்திடம் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார். சொன்னால் ஜெனரல் பாடி வரை இழுப்பார். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று நாள் போயிற்று.

பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சௌம்யா வேப்பம்பட்டில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தாள். மதியம் இரண்டு மணி, ஃப்ளாட்டே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் தயார், பாக்கி அந்த ஒரு ஒயர்தான். பத்தே பத்து செகண்ட், அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தான். அடி ஒயரைக் கொண்டுபோய் பால்கனி பிளக்கின் எர்த் துளையில் செருகினான். இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டான்.

மின்னல் வந்தது. வளையத்திலிருந்து ஊதா நிறத்தில் இரண்டடி நீளத்துக்குக் கிளை கிளையாக வந்தது. பட்டாசுச் சரம் மாதிரி சத்தம். பத்து செகண்ட் இருபதாயிற்று, இருபது முப்பதாயிற்று. கார்த்திகேசன் தனியாக நின்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் பின்னாட்களில் அவனுக்கு உடம்பு கூசும்.

அணைத்த பிறகுதான் கவனித்தான். மோடத்தில் விளக்கு இல்லை. வெளியே லிஃப்டின் அபாய மணி அடித்துக்கொண்டிருந்தது. மேலே யாரோ, "டி.வி. புகையுதுங்க!" என்று கத்தினார்கள்.

அவன் செய்த முதல் காரியம் காயிலின் மேல் போர்வையைப் போர்த்தியது. இரண்டாவது காரியம், பிளக்கிலிருந்து ஒயரைப் பிடுங்கியது. அப்புறம்தான் லிஃப்ட்டுக்கு ஓடினான். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அதற்குள் வாட்ஸ்ஆப் குரூப்பில் மெசேஜ்கள் குவிந்துவிட்டன. ஒன்பது வீட்டில் மோடம், நான்கு டி.வி., சி.சி.டி.வி. பெட்டி, லிஃப்ட் போர்டு. யார் யார் வீட்டில் என்ன போயிற்று என்று எழுதச் சொல்லியிருந்தார் ஏகாம்பரம். கார்த்திகேசன் எழுதினான்: "எங்க வீட்லயும் மோடம் போச்சு சார்." அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

லிஃப்ட் கம்பெனி ஆள் மறுநாள் வந்து போர்டைக் கழற்றிப் பார்த்தான். எர்த் வழியாக ஏதோ ஏறியிருக்கிறது, புது போர்டு வர இரண்டு வாரம் ஆகும் என்றான். வனஜா மேல் பழி போட எர்த் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. இரண்டு மாதம் முன்புதான் வனஜா பழைய எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழாய் இறக்கியிருந்தாள். மூன்றாவது மாடியில் சொர்ணம் என்ற அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவரைத் தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்தவன் கார்த்திகேசன். "நல்லா இருப்ப தம்பி" என்றார் சொர்ணம். அவன் படியைப் பார்த்துக்கொண்டே இறங்கினான்.

புதன்கிழமை சாயங்காலம் கார் பார்க்கிங்கில் மீட்டிங். வனஜா எர்த் டெஸ்டரோடு வந்திருந்தாள். "ரெண்டு ஓம் கூட இல்ல சார், ஒண்ணரைதான் காட்டுது. யார் வேணா வந்து பாருங்க. இதுக்கு மேல நல்ல எர்த்து கெடையாது" என்றாள். யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் புரியக்கூடிய ஆள் அங்கே இரண்டு பேர்தான். ஒருவர் ஏகாம்பரம், அவர் முடிவு பண்ணிவிட்டு வந்திருந்தார். இன்னொருவன் தலையைக் குனிந்து மீட்டிங் நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் ஏகாம்பரம். "செக்ரட்டரிதான் பிடிவாதம் பிடிச்சார். அவரைக் குத்தம் சொல்லல, இளகின மனசு."

இப்போது சொல்லலாம் என்று கார்த்திகேசன் நினைத்தான். எதிரே வனஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபமே இல்லை. யாருக்காகவோ காத்திருக்கிற பார்வை. அவன் சட்டென்று நோட்டுக்குக் குனிந்தான். ஏகாம்பரம் சொல்லச் சொல்ல, முத்து முத்தான எழுத்தில் எழுதினான்: 'மின்பணியாளர் திருமதி வனஜாவின் கவனக்குறைவால் ஏற்பட்ட சேதம் காரணமாக அவரைப் பணியிலிருந்து விடுவிக்க ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.' எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

மோட்டார் ரூம் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் போனாள். ஏகாம்பரம் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, சுற்றுவட்டார அசோசியேஷன்காரர்களின் குரூப்பில் போட்டார். மற்றவர்களும் உஷாராக இருக்கட்டும் என்று ஒரு வரியும் சேர்த்தார்.

அதற்கப்புறம் கார்த்திகேசனுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் மாடியேறும் ஒவ்வொருவரின் மூச்சிரைப்பும் படுக்கையறை வரை கேட்டது. ஆறாம் நாள் சௌம்யா தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அந்த எலக்ட்ரீஷியன் லேடியை நிறுத்தினதுல இருந்து இவர் சரியாவே சாப்பிடலக்கா. அவ்வளவு இரக்கம். மத்தவங்க கஷ்டத்தைத் தாங்க மாட்டார்."

அவன் சமையலறைக்குள் போய் போனை வாங்கி வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். சௌம்யா அடுப்பை அணைத்தாள். பிறகு, "அந்தப் பொம்பளை உங்க எதிர்லயா உக்காந்திருந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே குரூப்பில் எழுதிவிட்டான். ஒளிக்கவில்லை, குறைக்கவில்லை. தவறு என்னுடையது, வனஜாவின் எர்த்தில் ஒரு குறையும் இல்லை, சேதம் எல்லாம் என் பொறுப்பு. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். திட்டுவார்கள், வீட்டு வாசலுக்கு வந்து கத்துவார்கள், செக்ரட்டரி பதவியிலிருந்து தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தான். உண்மையைச் சொன்னால், அதற்கு ஏங்கினான்.

திருப்பிப் பார்த்தபோது கும்பிடு போடும் கைகளும் கைதட்டும் படங்களுமாக இருந்தது. 'பெரிய மனசு சார்.' 'யாருக்கு வரும் இந்த நேர்மை!' 'நம்ம ஃப்ளாட்ல ஒரு சயின்டிஸ்ட்டா?' நான்காவது வீட்டு விக்ரம், பொங்கல் விழாவில் மின்னலைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஏகாம்பரம் நேரிலேயே வந்து தோளில் தட்டினார். "ஆராய்ச்சின்னா நாலு சாமான் போகத்தான் செய்யும். ஃபாக்டரியில நாங்க பார்க்காததா?"

"வனஜாம்மாவைத் திரும்பக் கூப்பிடணும் சார். அந்த போட்டோவையும்..."

"பார்க்கலாம், பார்க்கலாம். கொரட்டூர்லேருந்து ஒரு பையனைப் போட்டாச்சே. இப்ப போய் எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?"

கார்த்திகேசன் கதவைச் சாத்திக்கொண்டு அப்படியே நின்றான். செய்தது அவன். அவனுக்குக் கைதட்டல். செய்யாதவளுக்கு ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. குட்டு வெளிப்பட்டால் அவமானம் என்றுதான் அவன் அத்தனை நாள் பயந்திருந்தான். வெளிப்பட்டும் ஒன்றும் ஆகாமல் போனதுதான் அவமானமாக இருந்தது.

மறுநாள் லீவு போட்டான். பெட்டியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனான். வனஜா வாசலில் உட்கார்ந்து ஒரு மிக்சி மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அந்த மரியாதை அவனுக்கு அடி மாதிரி விழுந்தது.

"நான்தான் பண்ணினேன் வனஜாம்மா."

"தெரியும் சார். எர்த்து டெஸ்ட் பண்ணசொல்ல பேனலைத் தொறந்து பாத்தேன்ல? எல்லா எர்த்து ஒயரும் நல்லா கீது, உங்க ஊட்டு ஒயரு மட்டும் கருகி கீது."

"அப்ப ஏன் மீட்டிங்ல சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவா? பழிய உங்க மேல தூக்கிப் போடறேன்னுவாங்க." அவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். "அதுவும் இல்ல சார். நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். முடியற வரிக்கும் உங்க மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். நீங்க எழுதிகினே இருந்தீங்க."

அவன் தலை நிமிரவில்லை. டிரான்ஸ்ஃபார்மரை அவள் பக்கம் நகர்த்தி, "இதை நீங்களே வச்சுக்கங்க" என்றான். ஃப்ளாட்டில் பேசியிருப்பதாகவும், எப்படியாவது திரும்ப வேலைக்கு எடுக்க வைப்பதாகவும் இழுத்தான்.

"அங்க யாரு சார் திரும்ப வருவா?" என்றாள் வனஜா. "அந்த போட்டோவப் பாத்துட்டு மீதி நாலு ஃப்ளாட்டும் என்னைக் கூப்பிடறத நிறுத்திட்டாங்க. அதுக்கு வழி பண்ணுங்க. மெசேஜு வேணாம். நேர்ல வந்து, உங்க வாயால சொல்லுங்க. ஞாயித்துக்கெழம அயப்பாக்கம் ஃப்ளாட்டுல மீட்டிங் கீது. இத்தயும் தூக்கியாங்க. கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. முன்பின் தெரியாத பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஃப்ளாட் செக்ரட்டரி லாவண்யா அவனை யார் என்று கேட்டார். மேஜைமேல் டிரான்ஸ்ஃபார்மரை வைத்துவிட்டு அவன் சொல்ல ஆரம்பித்தான். வனஜா தள்ளி ஒரு தூணருகே நின்றாள்.

மின்னல் என்று வந்ததும் இரண்டு மூன்று பேர் ஆர்வமாக முன்னால் நகர்ந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் சிரித்தார். "அட, சயின்ஸ் எக்ஸ்பெரிமென்ட்டா? தைரியமா வந்து சொல்றீங்களே, கிரேட் சார்!"

மறுபடியும் கைதட்டப் போகிறார்கள் என்று கார்த்திகேசனுக்குத் தெரிந்துபோயிற்று. அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். அவன் பாக்கெட்டிலிருந்து இடது கையை வெளியே எடுத்தான்.

"கிரேட் எல்லாம் இல்லைங்க. நான் தெரியாமப் பண்ணல. வீட்டு எர்த்துல குடுக்காதீங்கன்னு இவங்க மூணு தடவை சொன்னாங்க. தனிக் கம்பி என் வீட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னுச்சு, அடிக்கச் சோம்பேறித்தனம். அதைக்கூட விடுங்க. எல்லாம் எரிஞ்சப்புறம் இவங்களை எதிர்ல உக்கார வச்சுக்கிட்டு, இவங்க கவனக்குறைவுன்னு எழுதினேன். நீங்க போட்டோவுல பார்த்தீங்களே, அது என் கையெழுத்து."

சிரிப்பு நின்றது. கண்ணாடிக்காரர் அவனைப் பார்த்த பார்வை மாறியது. முதல் வரிசையில் இருந்த ஒரு பெண், "சே" என்றாள், வாய்க்குள்தான், ஆனால் கேட்டது. இத்தனை நாளாக எதற்குப் பயந்து ஓடினானோ அது பதினைந்து முகங்களிலும் உட்கார்ந்து அவனைப் பார்த்தது. காது நுனி வரை எரிந்தது. அவன் நகரவில்லை.

லாவண்யா தங்கள் மீட்டிங் நோட்டைத் திருப்பி அவன் முன் தள்ளினார். "இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க."

அவன் எழுதினான். முத்துக்கள் எல்லாம் கோணிக்கொண்டன. 'கவனக்குறைவு' என்ற இடத்தில் பேனா நின்றது. அதை அடித்துவிட்டு, 'என் சோம்பலும் கோழைத்தனமும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வனஜா வந்து நோட்டை எடுத்து, விரலை வரிகளுக்குக் கீழே வைத்து மெதுவாகப் படித்தாள். முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ அவள் சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். நோட்டை மூடி லாவண்யாவிடம் கொடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் மூணு எடம் கீது சார். அடுத்தது வேலப்பன்சாவடி, பன்னண்டு மணிக்கு. டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கங்க."